ஆற்றங்கரையில் நடக்க ஒரு வழி

முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் பூட்டியதும் சின்னாளப்பட்டியிலிருந்து கிளம்பும் வேன்கள் எந்தப் பக்கம் திரும்பும் என்பது ஊரறிந்த விஷயம். கொடைக்கானல் பக்கத்திலேயே இருந்தாலும், மே மாத நெரிசலும் அறை வாடகையும் 2024இலிருந்து வந்துவிட்ட இ-பாஸும் சேர்ந்து நெசவாளர் குடும்பத்துக்கு அதைக் கொஞ்சம் எட்டாத மலையாக்கிவிட்டன. அதனால் வண்டி தெற்கே திருச்செந்தூருக்கும் கன்னியாகுமரிக்கும் போகிறது. இல்லாவிட்டால் கிழக்கே ராமேஸ்வரத்துக்கு. வேன் பிடிக்க வசதியில்லாதவர்களுக்குப் பாலக்காட்டிலிருந்து பழனி, திண்டுக்கல், மதுரை வழியாகத் திருச்செந்தூர் போகும் ரயில் இருக்கிறது. கடலில் ஒரு முழுக்கு, நாழிக் கிணற்றில் ஒரு குளியல், சாமி தரிசனம், வரும் வழியில் கருப்பட்டி என்று பயணம் முடிந்துவிடும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திருநெல்வேலியைத் தாண்டியதிலிருந்து கடற்கரை வரைக்கும், தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடல் சேரும் ஓர் ஆறு நம் பக்கத்திலேயே ஓடி வருகிறது. அதைப் பாலத்தின் மேலிருந்து அரை நிமிடம் எட்டிப் பார்ப்பதோடு சரி. இறங்கிக் கொஞ்ச தூரம் கரையோரமாக நடக்கலாம் என்று யாராவது ஆசைப்பட்டாலும், நடப்பதற்கு அங்கே வழியில்லை.

கடற்கரைச் சுற்றுலா ஊர்களுக்குப் பக்கத்தில் ஓடும் ஆறுகளின் கரையில் பூங்காவும் நடைவழியும் அமைப்பதை நம் அரசுகள் இதுவரை அழகுபடுத்தும் வேலையாகவே பார்த்து வந்திருக்கின்றன. நிதி மிஞ்சினால் செய்யலாம், மிஞ்சாவிட்டால் விட்டுவிடலாம் என்ற வரிசையில் அது நிற்கிறது. அந்த வரிசையிலிருந்து அதை எடுத்துக் குடிநீர், பாசனம், வெள்ளத் தடுப்பு ஆகியவற்றோடு சேர்த்து வைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். காரணம் எளியது. தினமும் நாலு பேர் நடந்து போகும் கரையில் மணல் லாரி இறங்குவது கடினம். சாக்கடைக் குழாயை ஓசைப்படாமல் திருப்பிவிடுவது கடினம். கரையை ஆக்கிரமித்து வேலி போடுவதும் கடினம். ஆற்றுக்கு நாம் தரக்கூடிய காவலில் மிக மலிவானது மனிதர்களின் காலடிதான்.

தாமிரபரணியின் கடைசிப் பகுதியையே எடுத்துக்கொள்வோம். பொதிகையில் தொடங்கிப் புன்னைக்காயலில் கடலைத் தொடும் இந்த ஆறு மொத்தம் சுமார் 128 கிலோமீட்டர்தான். ஆனால் கடைசி முப்பது, நாற்பது கிலோமீட்டரில் இருப்பவற்றைக் கணக்கெடுத்தால் வேறெந்த மாநிலமும் இதை வைத்து ஒரு தனிச் சுற்றுலாத் துறையே நடத்தும் என்று தோன்றுகிறது. ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிப் பரம்பு ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1876இல் ஜெர்மானியர் ஒருவர் தோண்டிப் பார்த்த நாளிலிருந்து உலகத்தின் கண் அதன்மேல் உண்டு. அடுத்து ஸ்ரீவைகுண்டம் அணை, ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது. அங்கிருந்து பிரியும் வடகாலும் தென்காலும் பெருங்குளம், கடம்பாகுளம் போன்ற குளங்களை நிரப்புகின்றன. நவதிருப்பதி என்று சொல்லப்படும் ஒன்பது பெருமாள் கோயில்களும் இந்த நீர்ப்பரப்பைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. நம்மாழ்வாரின் ஊரான ஆழ்வார்திருநகரியும் இங்கேதான். பிறகு ஏரல், ஆத்தூர். பாண்டியரின் துறைமுகமாக இருந்து, கடல் பின்வாங்கியதால் இன்று உள்நாட்டுக் கிராமமாகிவிட்ட கொற்கை. முடிவில் அலையாத்திச் செடிகளோடு கழிமுகம். இத்தனையும் திருச்செந்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடும்.

இங்கே வருபவர் இப்போது என்ன செய்கிறார்? காரில் கோயில் கோயிலாக இறங்கி ஏறுகிறார். ஒன்பது கோயில்களை ஒரே நாளில் முடித்துவிடும் பஸ் ஏற்பாடும் உண்டு. கோயிலுக்கும் கோயிலுக்கும் இடையில் இருக்கும் வயலும் வாய்க்காலும் குளமும் ஜன்னலுக்கு வெளியே ஓடிப்போகின்றன. இத்தனைக்கும் இவற்றுக்கு நடுவே கரை என்ற ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. வாய்க்கால் கரை, குளத்துக் கரை, ஆற்றின் வெள்ளத் தடுப்புக் கரை எல்லாம் பொதுப்பணித் துறை காலத்திலிருந்து மேற்பார்வைக்காகவே அகலமாக விடப்பட்டவை. புதிதாக நிலம் கையகப்படுத்த வேண்டியதில்லை. சீமைக் கருவேலத்தை வெட்டி, பள்ளத்தை மண் போட்டு மேடாக்கி, அரை கிலோமீட்டருக்கு ஒரு கல் பலகையும் ஊர்ப் பெயர் எழுதிய கல்லும் நட்டால் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தென்கால் ஓரமாகவே வெகுதூரம் நடக்கலாம்.

நடந்தால் கண்ணில் படுவது வெறும் காட்சி இல்லை. ஏதாவது ஒரு பழைய படித்துறையில் நின்று பார்த்தால் போதும். மேல் படிகள் உலர்ந்து கிடக்கும். கீழ்ப் படிகள் இரண்டு பாசியேறி வழுக்கும். அதற்கடுத்து அமலைச் செடி மண்டியிருக்கும், அதன் மேல் நீலத் தாழைக்கோழி கால் பாவி நடக்கும். கரையில் பழைய மருத மரம் நிற்கும் இடத்தில் மண் செங்குத்தாக, அப்படியே நிற்கும். வேர்கள் அதைக் கவ்விப் பிடித்திருக்கும். பத்தடி தள்ளி மரம் போய்விட்ட இடத்தில் கரை சரிந்து, வேலிக்கல் ஒன்று அந்தரத்தில் தொங்கும். அமலை எங்கே அடர்ந்திருக்கிறதோ அங்கே சாக்கடை சேர்கிறது என்று அர்த்தம். மரம் எங்கே இல்லையோ அங்கே அடுத்த வெள்ளத்தில் கரை போகும் என்று அர்த்தம். இந்த இரண்டு செய்தியையும் தெரிந்துகொள்ள நிபுணர் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு முறை அந்த வழியாக நடக்கும் உள்ளூர்வாசி போதும். இன்று அந்த உள்ளூர்வாசிக்கும் அங்கே வேலையில்லை. குழாயில் தண்ணீர் வந்த பிறகு படித்துறைக்குப் போகும் பழக்கம் குறைந்துவிட்டது. ஆற்றைத் தினம் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் விலகிய அதே ஆண்டுகளில்தான் மணலும் போனது.

மணல் கதையை நாடறியும். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த மூத்த கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில் 2010இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்து ஆண்டுகளுக்குத் தடை விதித்தது. தீர்ப்பு வந்தது, அள்ளுவது நிற்கவில்லை, இரவுக்கு மாறியது. 2023 ஏப்ரலில், மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த முறப்பநாடு பகுதிக் கிராம நிர்வாக அலுவலர் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. நீதி விரைவாகக் கிடைத்தது என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சாவு நமக்குக் காட்டுவது ஒரே ஒரு அரசு ஊழியரை நம்பி ஓர் ஆற்றை ஒப்படைத்திருக்கிறோம் என்பதைத்தான். புகார் கொடுக்க ஒருவர் மட்டும் இருந்தால் அந்த ஒருவரை அடையாளம் காண்பது குற்றவாளிக்கு எளிது. ஐந்நூறு பேர் பார்க்கும் இடத்தில் யாரை மிரட்டுவது? நடைவழி மணல் திருட்டை ஒழித்துவிடும் என்று சொல்லவில்லை. திருடுகிறவன் ஒளிந்துகொள்ளும் இடத்தை அது குறைக்கும். பார்த்துச் சொன்னவர் தனியாள் ஆகாமல் காக்கும்.

சாக்கடைக்கும் இதே கதைதான். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் குடிநீர் இந்த ஆற்றிலிருந்தே போகிறது. அதே ஆற்றில் நகரக் கழிவுநீர் கலப்பதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், 2024இல் உயர் நீதிமன்ற நீதிபதிகளே நேரில் வந்து கரையோரம் பார்வையிட்டார்கள். நீதிபதிகள் வந்து பார்க்க வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். கரை, வீடுகளுக்குப் பின்புறமாகவும் பாலங்களுக்கு அடியிலும் மறைந்து கிடந்ததால் எந்தக் குழாய் எங்கே முடிகிறது என்பது ஊருக்கு வெளிச்சமாகவே இல்லை. நம் ஊர்கள் எல்லாம் ஆற்றுக்கு முதுகு காட்டிக் கட்டப்பட்டுவிட்டன. வாசல் பக்கம் குப்பை கொட்ட யாரும் துணிவதில்லை, கொல்லைப்புறத்தில்தான் கொட்டுவார்கள்.

மக்கள் வந்து பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதே ஆற்றுப் படுகையில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள மையத்தின் முயற்சியில் 2011 முதல் தாமிரபரணி நீர்வாழ் பறவைகள் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. மாணவர்கள், ஆசிரியர்கள், அலுவலகம் போகிறவர்கள் குழுக்களாகப் பிரிந்து குளம் குளமாகப் போய் எண்ணி எழுதுகிறார்கள். எந்தக் குளத்தில் நீர் நின்றது, எதில் ஆக்கிரமிப்பு வந்தது, எங்கே கூடு கட்டின என்பதற்கு வருடக்கணக்கான பதிவு அதனால் கிடைத்தது. அரசாங்கம் சம்பளம் கொடுத்து அனுப்பிய ஆட்கள் இல்லை இவர்கள். பார்க்கப் பிடித்திருந்ததால் போனார்கள். ரசிப்பதும் காவல் காப்பதும் இரண்டு வேலை என்று நினைப்பதுதான் நம் நிர்வாகத்தின் அடிப்படைப் பிழை.

சரி, ஆற்றங்கரைப் பூங்கா என்றால் எப்படிப்பட்ட பூங்கா? இங்கேதான் உண்மையான ஆபத்து இருக்கிறது, ஏனென்றால் இந்தியாவில் இந்தச் சொல்லைக் கேட்டதும் அதிகாரிகளின் மனதில் வருவது அகமதாபாத். சபர்மதியின் இரு கரையிலும் உயரமான கான்கிரீட் சுவர் எழுப்பி, நடைமேடை அமைத்து, மழைக்கால ஆறான அதில் வருடம் முழுவதும் நீர் நிற்பதற்கு நர்மதைக் கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுவந்து விட்டார்கள். கரையில் குடியிருந்த ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் நகரத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது; ஆறு இருந்த இடத்தில் ஒரு நீளமான தொட்டி இருக்கிறது, அவ்வளவுதான். மதுரையில் சீர்மிகு நகரத் திட்டத்தில் வைகையின் இரு பக்கமும் தடுப்புச் சுவரும் சாலையும் வந்தன. நடப்பவருக்குக் கிடைத்ததைவிட மோட்டார் வண்டிக்குக் கிடைத்தது அதிகம். கோவையில் உக்கடம் பெரியகுளக் கரையில் மாலை நேரத்தில் கூடும் கூட்டத்தைப் பார்த்தால் நகரத்து மக்கள் நடக்க இடமில்லாமல் எவ்வளவு தவித்திருக்கிறார்கள் என்பது புரியும். ஆனால் கரையைக் கல்லால் இறுக்கியதால் பறவைகளுக்கு இடம் போயிற்று என்று இயற்கை ஆர்வலர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு.

சென்னை அடையாற்றில் வேறு வழியை முயன்றார்கள். கடலோரம் கழிமுகத்தில் கட்டடக் கழிவு கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைச் சுத்தம் செய்து, அலையாத்தியும் உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களும் நட்டு, 2011இல் தொல்காப்பியப் பூங்கா என்று திறந்தார்கள். சூழலைப் பொறுத்தவரை அது வெற்றி. ஆனால் பல ஆண்டுகள் அது மாணவர் குழுக்களுக்கும் முன்பே பதிவு செய்தவர்களுக்கும் மட்டுமே திறந்த இடமாக இருந்தது. பக்கத்துத் தெருக்காரர் நினைத்தவுடன் நுழைய முடியாத பூங்காவைத் தம்முடையது என்று அவர் எப்படி நினைப்பார்? அடையாற்றின் மற்ற பகுதிகளைக் காக்க அவர் குரல் கொடுக்காததில் வியப்பில்லை.

சிங்கப்பூரின் பிஷான் பூங்கா கற்றுத்தருவது இறுக்கிய கரைக்கும் பூட்டிய பூங்காவுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே கல்லாங் ஆற்றை 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாயாக நேராக்கி வைத்திருந்தார்கள். 2012இல் அந்தக் கான்கிரீட்டை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து ஓடும் ஆறாக அதை மீட்டார்கள். கரை என்று சுவர் இல்லை. புல்வெளி சரிந்து நீருக்குள் இறங்குகிறது. சாதாரண நாளில் பிள்ளைகள் ஓடையில் கால் நனைக்கலாம். கனமழையில் புல்வெளி முழுவதும் ஆறாகிவிடும், அப்போது எச்சரிக்கை ஒலி கேட்டு மக்கள் விலகுவார்கள், நீர் வடிந்ததும் திரும்புவார்கள். நீர்நாய்கள் தாமாக வந்து குடியேறின. பணக்கார நாடு என்று ஒதுக்கிவிட வேண்டாம். அவர்கள் பணம் செலவழித்து உடைத்தது, நாம் இப்போது பணம் செலவழித்துக் கட்டிக்கொண்டிருக்கும் அதே சுவரைத்தான். தாமிரபரணியின் கடைசிப் பகுதியில் கரை பெரும்பாலும் இன்னும் மண்ணாகவே இருக்கிறது. இந்த விஷயத்தில் பிந்தியதால் நமக்கு லாபம்.

வெள்ளத்தைக் காட்டி மறுப்பவர்களுக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய விரைவு ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண் அரித்துப் போயிருந்தது. ஏரலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் நாள்கணக்கில் துண்டிக்கப்பட்டன. இப்படிப்பட்ட ஆற்றின் ஓரத்தில் பூங்காவா என்று கேட்பது நியாயமான கேள்வி. கட்டடம் கட்டுவதென்றால் கூடவே கூடாது. உணவகம், படகுக் குழாம் அலுவலகம், செல்ஃபி மேடை, நீரூற்று எதுவும் கரைக்குள் வரக்கூடாது. மண் பாதையும் மரமும் கல் பலகையும் வெள்ளத்தில் இரண்டு நாள் மூழ்கினால் இழப்பு அதிகமில்லை. வெள்ளப்படுகையைப் பொதுப் பாதையாக அறிவித்துவிட்டால் அதில் வீட்டுமனை போடுவதும் செங்கல் சூளை வைப்பதும் தடைபடும். வெள்ளம் பரவ இடம் விட்டுவைப்பதற்கு இதைவிட மலிவான முறை இல்லை.

குப்பை வருமே, குடிகாரர்கள் வருவார்களே என்பது அடுத்த தடை. வருவார்கள். பாபநாசத்தில் பரிகாரம் என்ற பெயரில் ஆற்றில் விடப்படும் துணிகளை டன் கணக்கில் அள்ளிக்கொண்டிருக்கிறோம். கூட்டம் வந்தால் ஆறு கெடும் என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுவது எளிது. ஆனால் அங்கே கூட்டம் ஒரே இடத்தில், ஒரே படித்துறையில், வந்த வேலையை முடித்துவிட்டு ஓடும் கூட்டம். நாற்பது கிலோமீட்டருக்குப் பரவி நடக்கும் கூட்டத்தின் தன்மை வேறு. குடிப்பவர்களைப் பொறுத்தவரை, இன்றைக்கே கருவேல மறைவில் பாட்டில் உடைந்து கிடக்காத ஆற்றங்கரை தமிழ்நாட்டில் அபூர்வம். காலையும் மாலையும் பெண்களும் வயதானவர்களும் நடக்கும் பாதையில் குடிப்பவர்கள்தான் இடம் மாறுவார்கள். ஒரு நிபந்தனை மட்டும் கட்டாயம்: பாதை எந்தெந்த ஊரைத் தொடுகிறதோ அந்தந்த ஊராட்சிக்கும் பேரூராட்சிக்கும் அதன் பராமரிப்பும் வருமானமும் போக வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் வனத்துறையும் மீனவக் கிராமமும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சுற்றுலா நடத்துகின்றன. படகு ஓட்டுவதும் சமைத்துப் போடுவதும் உள்ளூர்க்காரர்கள். காட்டைக் கெடுக்க வருகிறவனை முதலில் தடுப்பதும் அவர்களாகத்தான் இருக்கும், ஏனென்றால் கெட்டால் போவது அவர்கள் பிழைப்பு.

நடப்பதெல்லாம் வசதியானவர்களின் பொழுதுபோக்கு, நம் மக்கள் எங்கே நடக்கப்போகிறார்கள் என்று ஒரு கேலியும் உண்டு. இதைத் திண்டுக்கல் மாவட்டத்தில் யாரும் சொல்ல முடியாது. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவடியோடும் கைப்பையோடும் பழனிக்கு லட்சக்கணக்கானவர்கள் நம் சாலைகளில் நடந்தே போகிறார்கள். அவர்கள் விபத்தில் சிக்காமல் இருக்கப் பழனி சாலையோரம் தனி நடைபாதையே போடப்பட்டிருக்கிறது. திருச்செந்தூருக்கும் பச்சை வேட்டி கட்டிய பாதயாத்திரைக் குழுக்கள் போகின்றன, இரவில் லாரி வெளிச்சத்துக்குக் கண் கூசியபடி. நடக்கிற மக்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களுக்கு நிழலும் தண்ணீரும் உள்ள வழி இல்லாததுதான் குறை. தாமிரபரணிக் கரையில் அந்த வழியைப் போட்டால் பக்தர், பறவை பார்ப்பவர், பள்ளிப் பிள்ளை, சர்க்கரை வியாதிக்கு நடப்பவர் எல்லோரும் அதில்தான் போவார்கள். யார் எதற்காக நடக்கிறார்கள் என்று பாதை கேட்கப்போவதில்லை.

பணம் எங்கே என்று கேட்பவர்கள் திருச்செந்தூரையே பார்க்கலாம். கோயில் வளாகத்தில் 300 கோடி ரூபாய்ப் பெருந்திட்டம் நடந்து, 2025 ஜூலை 7இல் குடமுழுக்கும் ஆயிற்று. வருகிறவர்களுக்கு வசதி தேவைதான். ஆனால் அத்தனை கூட்டத்தையும் ஒரே வளாகத்தில், ஒரே கடற்கரையில் குவித்தால் எத்தனை கோடி போட்டாலும் போதாது. வந்தவர் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி ஆழ்வார்திருநகரியிலும் ஏரலிலும் புன்னைக்காயலிலும் நடந்தால் நெரிசல் பரவும், காசும் பரவும். புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை விளையும் கொடிக்கால் வழியாக நடந்துவிட்டு ஒரு கவுளி வாங்காமல் யாரும் திரும்பமாட்டார்கள். கோயிலுக்கு முன்னால் அண்மை ஆண்டுகளில் கடல் கரையை அரித்ததையும் பார்த்தோம். அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம்; ஆனால் ஆறு கொண்டுவந்து சேர்க்கும் மணல் குறைந்தால் கடற்கரை தேயும் என்பது பொது விதி. ஆற்றைக் கவனிக்காமல் கடற்கரையை மட்டும் கவனிக்க முடியாது.

விலங்குகளுக்குத் தொந்தரவு என்ற அச்சத்துக்கு அரை மதிப்பெண் தரலாம். கழிமுகத்தில் பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் சில பகுதிகளை மூடிவைக்க வேண்டும், பாதை நீரின் விளிம்பிலேயே எல்லா இடத்திலும் போகக்கூடாது. ஆனால் அரசு 2024இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 வழித்தடங்களை அறிவித்து, உள்ளூர் வழிகாட்டிகளோடு காட்டுக்குள்ளேயே மக்களை அழைத்துப் போகிறது. 2018இல் குரங்கணித் தீயில் 23 பேரை இழந்த பிறகு கற்ற பாடங்களின் மேல் எழுந்த திட்டம் அது. யானை நடமாடும் காட்டில் விதிமுறை வகுக்கத் தெரிந்த அரசுக்கு, வாழைத் தோட்டத்துக்கு நடுவே ஓடும் வாய்க்கால் கரையில் விதிமுறை வகுக்கத் தெரியாதா?

இவ்வளவும் தெற்கே இருக்கிற ஆற்றைப் பற்றி, சின்னாளப்பட்டிக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நமக்கும் ஓர் ஆத்தூர் இருக்கிறது. கீழ்ப்பழனி மலையடிவாரத்தில் அங்கே காமராஜர் நீர்த்தேக்கம் நிற்கிறது. அந்தத் தண்ணீர் திண்டுக்கல் நகரத்துக்குக் குடிநீராகப் போகிறது. அங்கிருந்து வரும் குடகனாறு வேடசந்தூர் வழியாக அழகாபுரி அணையைத் தொட்டு, கரூர் மாவட்டத்தில் அமராவதியோடு கலக்கிறது. மேலே ஆத்தூர், சித்தையன்கோட்டை விவசாயிகளுக்கும் கீழே வேடசந்தூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கும் தண்ணீர்ப் பங்கில் தகராறு. திண்டுக்கல்லைச் சுற்றித் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட வரலாறு. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் இந்த ஆற்றுக்கு நடைவழி எதற்கு என்று தோன்றும். வறண்ட ஆற்றைத்தான் முதலில் மறக்கிறோம், மறந்ததைத்தான் முதலில் ஆக்கிரமிக்கிறோம். தண்ணீர் ஓடும் ஆறு தன்னைத் தானே கொஞ்சம் காத்துக்கொள்ளும், ஓடாத ஆற்றுக்கு ஆள் வேண்டும்.

நம் பக்கத்தில் அதற்கான ஆளும் உண்டு. 1947இல் தொடங்கிய காந்திகிராமமும் 1956இல் அங்கே எழுந்து பின்னர் கிராமியப் பல்கலைக்கழகமான நிறுவனமும் ஊரோடு சேர்ந்து வேலை செய்வதையே கல்வி என்று சொன்னவை. ஆத்தூர் அணையிலிருந்து அனுமந்தராயன்கோட்டை வரை குடகனாற்றின் கரையை மாணவர்களே நடந்து அளந்து, எங்கே மரம், எங்கே கழிவு, எங்கே ஆக்கிரமிப்பு என்று வரைபடம் போட ஒரு கோடை விடுமுறை போதும். தூத்துக்குடி மாவட்ட நிர்வாகமும் இதையே ஸ்ரீவைகுண்டத்திலிருந்து புன்னைக்காயல் வரை செய்யலாம். இரு மாவட்ட ஆட்சியர்களிடமும் நாம் கேட்பது மூன்றே: ஆற்றுப் புறம்போக்கையும் வாய்க்கால் கரையையும் அளந்து எல்லைக்கல் நடுங்கள், அதைப் பொது நடைவழியாக அரசிதழில் அறிவியுங்கள், அதில் கான்கிரீட் போடமாட்டோம் என்று அந்த அறிவிப்பிலேயே எழுதுங்கள். அடுத்த முழுப் பரீட்சை விடுமுறைக்குள் முதல் ஐந்து கிலோமீட்டரைத் திறந்துவிட முடியும்.